கதிரைக்கு எதிராக லூர்த்தம்மா

குருநகரில் லூர்த்தம்மாவின் வாய்க்குத் தப்பியவர்கள் குழந்தைகளும் சேமக்காலையில் படுத்திருப்பவர்களுந்தான். அதிலும் செத்தவர்கள் எல்லோரும் தப்பினார்கள் என்று சொல்ல முடியாது. கடற்கரையோரத்து நண்டுக் கொம்பனியில் நண்டின் சதை பிரிக்கும் வேலையில் தொடங்கி, அந்த வேலை செய்யும் பெண்களை மேய்க்கும் மேற்பார்வைக்காரியாக முடித்தவள். வேலையை விட்டு நின்ற அன்று தொப்பியையும் கையுறையையும் கொம்பனியில் ஒப்படைத்தாள். அதிகாரத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கோயில் பெண்கள் கூட்டமாக நோயாளர் வீடுகளுக்குப் போய்ச் செபம் சொல்வதைத் தேத்தண்ணி குடிக்கப் போகும் பவனி என்பாள். ஊன்றுகோலோடு வருகிறவர்களைக் கண்டால் வழிவிடுவாள். விட்டுவிட்டு, அவர்கள் தாண்டிப்போகும்வரை பெருமூச்சோடு நிற்பாள்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். கணவர் சந்தியோகுவின் உடம்பு. எழுபதைத் தாண்டிய பிறகும் மிசின் போட்டில் தொழிலுக்குப் போய் வந்தவர். ஈர வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறி வரும்போது இளந்தாரிகள் விலகி நின்று பார்ப்பார்கள். லூர்த்தம்மா அவரை ஒருநாளும் வாயால் புகழ்ந்ததில்லை. மற்றப் பெண்களின் புருஷன்மார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுவதைக் காணும்போது அந்தப் பெண்களின் முகத்தை ஒருதரம் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அந்த மனிதர் ஒரு காலையில் இறங்குதுறையில் வலையைப் போட்டுவிட்டு அதன் மேலேயே குந்தி இருந்துவிட்டார். சேட்டு முழுக்க வியர்வை. வாய்வு என்றார். கூட நின்றவர்கள் அதை நம்பாமல் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு. அடைபட்டிருந்த இரத்தக்குழாய்க்குள் சிறிய வளையம் ஒன்றை வைத்து உயிரைக் காப்பாற்றி அனுப்பிவைத்தார்கள். அனுப்பும்போது டொக்டரும் சொன்னார், உடற்பயிற்சிப் பகுதியிலிருந்து வந்த வசந்தினி என்ற பெண்ணும் சொன்னாள்: முதலில் வீட்டுக்குள்ளே, பிறகு முற்றத்தில், பிறகு றோட்டில் என்று கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும், சும்மா இருக்கக்கூடாது. சந்தியோகு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது விறாந்தையில் ஒரு கதிரை காத்திருந்தது. சாவகச்சேரியில் கலியாணம் முடித்திருக்கும் மகள் றொசாந்தி வாங்கி அனுப்பியது. மெத்தை வைத்தது, சாய்ந்தால் கால்பக்கம் தானாக எழும்பும். அதில் சந்தியோகுவை இருத்திவிட்டு ஊர் அவரைப் பார்க்க வரத் தொடங்கியது. வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே வசனந்தான் தெரிந்திருந்தது. இருங்கோ, எழும்பாதேங்கோ, இருங்கோ. ஆட்டுக்கால் சூப்போடு வந்தவர்கள், பழத்தோடு வந்தவர்கள், சும்மா வந்தவர்கள் என்று எவருக்கும் அந்த மனிதரின் கால்கள் எதற்கு இருக்கின்றன என்ற எண்ணமே வரவில்லை.

இவர்களில் முதன்மையானவர் கிறிஸ்ரோபர். நாலு வீடு தள்ளி இருப்பவர். ஒருகாலத்தில் மருந்துக்கடை ஒன்றில் பெட்டி ஏற்றி இறக்கினார். அந்த உரிமையில் குருநகரில் யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும் கருத்துச் சொல்லுவார். டொக்டர் சொன்னதை நோயாளி கிறிஸ்ரோபரிடம் ஒப்புவிப்பதும், அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அதைத் திருத்துவதும் வழக்கம். நடக்கச் சொன்னார்கள் என்று சந்தியோகு சொன்னதும் கிறிஸ்ரோபர் சிரித்தார்.

"இருதயம் எண்டது மிசின் மாதிரி அண்ணை. ஓட ஓடத் தேயும். சும்மா வைச்சிருந்தால் கனகாலம் நிண்டு பிடிக்கும்."

உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்த லூர்த்தம்மா கத்தியோடு வாசலுக்கு வந்தாள்.

"சும்மா வைச்ச மிசினை நீர் கடற்கரையில காணேல்லையோ? கறள் பிடிச்சுப் போய்க் கிடக்குது."

கிறிஸ்ரோபர், பெண்களுக்கு மிசினைப் பற்றி என்ன தெரியும் என்பதுபோல் சந்தியோகுவைப் பார்த்தார். கடலிலே அரைவாசி வாழ்க்கையை எஞ்சினோடு கழித்த சந்தியோகு, எஞ்சினைத் தொட்டே பார்க்காத கிறிஸ்ரோபரின் பேச்சை நம்பினார். நம்பவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. எழுந்து நடந்தால் நெஞ்சுக்குள் அடிப்பது காதில் கேட்டது. இருந்தால் கேட்கவில்லை. புயலுக்குள்ளிருந்து போட்டைக் கரைக்குக் கொண்டுவந்தவர், தன் நெஞ்சு அடிக்கும் சத்தத்துக்குப் பயந்து விறாந்தையில் கிடந்தார்.

லூர்த்தம்மாவுக்கு வருத்தக்காரரைப் பார்த்து அனுதாபப்படத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஏச்சு. கொம்பனியில் மெதுவாக வேலை செய்த பெண்களை ஏசித்தான் வேகமாக்கினாள். அதையே புருஷனிடமும் பாவித்தாள். கதிரைக்கு உறை தைத்துத் தரட்டோ என்று கேட்டாள். சாப்பாட்டைக் கதிரைக்குக் கொண்டுவர மறுத்தாள். அவர் சாப்பிடாமல் இருந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு கொண்டுவந்து வைத்தாள்.

ஒருநாள் காலை, ஏச்சுத் தாங்காமலோ அல்லது உண்மையில் மனம் வந்தோ, சந்தியோகு கேற்றைத் திறந்துகொண்டு வெளியே போனார். சிற்றாலயத்தடி றோட்டு முடக்குவரை போனார். திரும்பி வரும்போது களைத்துவிட்டார். அடுத்த வீட்டு மதிலைப் பிடித்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்து வந்தார். வாசலில் லூர்த்தம்மா தண்ணீருக்கு நின்ற பெண்களோடு கதைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் சிரித்தாள்.

"பாருங்கோடி, கரையில எறிஞ்ச திருக்கை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு வாறார்."

பெண்களும் சிரித்தார்கள். சந்தியோகு நேரே போய்க் கதிரையில் இருந்தார். அதற்குப் பிறகு அவர் கேற்றைத் தாண்டவேயில்லை.

மாரி வந்து போவதற்குள் அவருடைய தொடை, மெலிந்து லூர்த்தம்மாவின் கைமொத்தத்துக்கு வந்துவிட்டது. எழும்பும்போது கதிரையின் இரண்டு பக்கத்தையும் ஊன்ற வேண்டியிருந்தது. எழும்பியதும் தலை சுற்றியது. இரத்த அழுத்தக் குளிசை போடுகிறவர்கள் மெல்ல எழும்பவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதுவும் கேட்டு மறந்த விசயங்களோடு போய்விட்டது. ஒரு முற்பகலில் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். சீமெந்து நனைந்திருந்தது. பழைய சந்தியோகு என்றால் வழுக்கிய கால் தானாக ஊன்றி நின்றிருக்கும், போட்டின் முன்பக்க அணியத்தில் ஆடி ஆடிப் பழகிய கால். இந்தக் கால் அப்படியே மடங்கியது. வாளி உருளும் சத்தம் கேட்டு லூர்த்தம்மா ஓடிவந்தபோது அவர் பக்கவாட்டில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

சத்திரசிகிச்சை செய்தார்கள். அது சரியாகத்தான் நடந்தது. மறுநாளே எழுப்பி இருத்த வசந்தினி வந்தாள். சந்தியோகு கட்டில் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. அவள் தினமும் வந்தாள். அவர் தினமும் கண்ணை மூடிக்கொண்டார். படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலாகி, ஆஸ்பத்திரி வாட்டிலேயே முடிந்துபோனார்.

செத்தவீட்டில் கிறிஸ்ரோபர்தான் வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவோ பார்த்தும் இருதயம் கைவிட்டுவிட்டது என்றார். பெட்டியின் தலைமாட்டில் இருந்த லூர்த்தம்மா நிமிர்ந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"இருதயம் கைவிடேல்லை. அது கடைசி மட்டும் அடிச்சது. கால்தான் கைவிட்டது. இருங்கோ இருங்கோ எண்டு சொல்லிச் சொல்லி அந்தக் காலைச் சாக்காட்டினது நீங்கள்."

செத்தவீட்டில் துக்கம் தலைக்கேறிவிட்டது என்று எல்லோரும் அவளை மன்னித்தார்கள். அவளுக்கு அந்த மன்னிப்பு, பட்ட அடியைவிட எரிச்சலாக இருந்தது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் அந்தக் கதிரையை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக் கிறிஸ்ரோபர் வீட்டுக்கு அனுப்பினாள். உமக்குத்தான் பொருத்தம் என்று சொல்லியனுப்பினாள். கிறிஸ்ரோபருக்கு அவமானம் விளங்கவில்லை. நல்ல கதிரை என்று விறாந்தையில் போட்டு, நன்றியும் சொல்லியனுப்பினார்.

வீடு வெறுமையானது. ஏசுவதற்கு ஆளில்லாத வீட்டில் லூர்த்தம்மா தன்னைத்தான் கவனித்திருக்க வேண்டும்; கவனிக்கவில்லை. சந்தையிலிருந்து வரும்போது பாதிவழியில் மூச்சு இரைத்தது. யாராவது பார்த்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து நின்றாள். பின்னேரங்களில் கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. சட்டையை நீளமாகத் தைத்துக்கொண்டாள். நெஞ்சு சிலவேளை வலையில் பட்ட மீனைப்போல் தாறுமாறாகத் துடிக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் வாய்வு. புருஷன் அதே சொல்லைச் சொன்னபோது நம்பாத ஊர், அவள் சொன்னபோது நம்பியது. பெண்ணின் நெஞ்சில் வாய்வைத் தவிர வேறெதுவும் வராது என்பது குருநகரில் ஆண்களும் பெண்களும் ஒத்துக்கொள்ளும் விசயம்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து இறங்கும்போது கோயில் படியில் அவளுக்குக் கண் இருண்டது. கைபிடித்து இறங்கும் கம்பி பக்கத்திலேயே இருந்தது. அது கிழவிகளுக்குப் போட்டது என்று அவள் அதைத் தொடுவதில்லை. செபக்கூட்டப் பெண்கள் எல்லோருக்கும் முன்னால் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. முகம் உரசி இரத்தம் வந்தது. தேத்தண்ணிப் பவனி என்று அவள் பட்டம் வைத்த பெண்கள்தான் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள்.

முறிந்த கைக்கு மாக்கட்டுப் போட்ட டொக்டர் நெஞ்சையும் சோதித்தார். துடிப்பு ஒழுங்கில்லை, இருதயம் பலவீனப்பட்டிருக்கிறது, கனகாலமாக இருந்திருக்கும், ஏன் வரவில்லை என்று கேட்டார். லூர்த்தம்மா சுவரைப் பார்த்தாள். இரத்தம் கட்டியாகாமலிருக்க ஒரு குளிசை, காலில் நீர் வற்ற இன்னொன்று. அதோடு வாரம் இரண்டுநாள் வயதானவர்களுக்கான உடற்பயிற்சி வகுப்பு. விழாமல் இருக்கவும் இருதயத்துக்குப் பலம் வரவும் இரண்டுக்கும் சேர்த்து என்றார்கள். வகுப்பை நடத்துவது வசந்தினி. லூர்த்தம்மா, நான் என்ன நேர்சறிப் பிள்ளையோ என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்த பிறகுதான் அது நடந்தது. அடுத்தநாள் காலை பாண் வாங்கப் புறப்பட்டுக் கேற்றைத் திறந்தாள். எதிரே கடை. பிறந்த நாளிலிருந்து தெரிந்த றோட்டு. கால் வெளியே போகவில்லை. நிலம் கடற்பக்கமாகச் சரிந்திருப்பதுபோல் தெரிந்தது. ஓட்டோ ஒன்று போன காற்றிலேயே விழுந்துவிடுவேன் என்று நினைத்தாள். கை தன்பாட்டில் மதிலைத் தேடிப் பிடித்தது. மதிலில் தன் கை இருப்பதைப் பார்த்து நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

கை நோகிறது என்று சொல்லி வாரக்கணக்கில் வெளியே வரவில்லை. அடுத்த வீட்டுப் பெட்டை பாண் கொண்டுவந்து தந்தாள். வீட்டுக்குள்ளும் லூர்த்தம்மா சுவரோரமாகவே நடந்தாள். குசினிக்கும் அறைக்கும் நடுவே பிடிக்க ஒன்றுமில்லாத இடம் ஒன்று இருந்தது. அதைக் கடக்கமுன் ஒருதரம் சிலுவை போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். பயந்தவர்களை எப்படிப் பார்ப்பாள் என்று ஊருக்கே தெரியும். இப்போது அந்தப் பார்வையைக் கண்ணாடியில் தானே வாங்கிக்கொண்டாள்.

அந்த நிலையில்தான் கிறிஸ்ரோபர் வந்தார். தோடம்பழத்தோடு வந்தார். அவளுடைய வீங்கிய காலைப் பார்த்து, கட்டுப்போட்ட கையைப் பார்த்து, மர வாங்கில் வசதியாக இருந்துகொண்டு சொன்னார்:

"நல்லது அக்கா. உப்பிடியே இருங்கோ. உந்த வயசில இனி ஏன் நடந்து கஷ்டப்படுவான்?"

முழு மனதோடு சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. உலகத்தில் ஒருவரையும் எழும்ப விடாத அன்பு அவருடையது. தான் செய்வது சரி என்று கிறிஸ்ரோபர் தலையாட்டிப் பாராட்டும் நிலைக்கு வந்துவிட்டேனே என்று லூர்த்தம்மா நினைத்தாள். தோடம்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவரை அனுப்பினாள். அடுத்த வகுப்புநாள் ஓட்டோ பிடித்துப் போனாள். டொக்டர் சொல்லியும் மகள் கெஞ்சியும் போகாதவள், கிறிஸ்ரோபர் சொன்னதற்கு மாறாக ஏதாவது செய்யவேண்டும் என்பதற்காகப் போனாள்.

வகுப்பைக் கண்டதும் திரும்பிவிட நினைத்தாள். கதிரைகளைச் சுற்றிவரப் போட்டுக் கிழவன் கிழவிகள் இருந்து எழும்பினார்கள், எழும்பி இருந்தார்கள். பிறகு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தினார்கள். வட்டுக்கோட்டையிலிருந்து தேவராசா என்ற இளைப்பாறிய அதிபர் வந்திருந்தார். புதுச் சப்பாத்தும் முழங்கால்வரை காலுறையும் போட்டு, பரிசளிப்பு விழாவில் நிற்பவரைப்போல் நெஞ்சை நிமிர்த்தி, மற்றவர்களின் பிழைகளைச் சொல்லிக்கொண்டே செய்தார். பத்மாசினி என்றொருத்தி ஒவ்வொரு அசைவுக்கும் சிரித்தாள். இந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியா என்று லூர்த்தம்மா நினைத்தாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். அதிபர் கொக்கைப்போல் நின்றார். பத்மாசினி சிரித்துக்கொண்டே நின்றாள். லூர்த்தம்மா காலைத் தூக்கியதும் விழப்பார்த்தாள்.

வசந்தினி வந்து பக்கத்தில் நின்றாள்.

"உம்மை எனக்குப் பிடிக்கேல்லை," என்றாள் லூர்த்தம்மா.

"என்னைப் பிடிக்க வேண்டாம் அம்மா. கதிரையைப் பிடியுங்கோ."

லூர்த்தம்மா பிடித்தாள். அந்தப் பெண்ணின் வாயைக் கேட்டு அவள்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

வகுப்புக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு, ஒருநாள் எல்லோரும் போகும்வரை காத்திருந்து வசந்தினியிடம் கேட்டாள். அவர் நடந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பாரோ?

"எனக்குத் தெரியாது அம்மா. ஒருத்தருக்கும் தெரியாது." வசந்தினி கதிரைகளை அடுக்குவதை நிறுத்தினாள். "ஆனால் அவர் வாட்டில என்னோடை ஒருக்கால் கதைச்சவர். ஒருநாள் நடந்து போனவராம், வெக்கமாப் போச்சுதாம். பேந்து போக மனம் வரேல்லையாம்."

"ஆராலை வெக்கமாம்?"

"அதை அவர் சொல்லேல்லை."

லூர்த்தம்மா வெளியே வந்து ஓட்டோவுக்கு நின்றாள். ஊரைப் பார்த்துச் சொன்ன குற்றச்சாட்டில் தன் பங்கை அவள் சேர்த்திருக்கவில்லை. வாசலில் நின்று சிரித்த சிரிப்பு, கூட நின்ற பெண்களின் சிரிப்பு, அவர் நேரே போய்க் கதிரையில் இருந்தது எல்லாம் அப்படியே வந்தது. கிறிஸ்ரோபர் அன்பால் இருத்தினார். அவள் ஏளனத்தால் இருத்தினாள். எழும்ப உதவியவர் எவருமில்லை. அடுத்த வகுப்புக்கு அவள் போகவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. அதற்கடுத்த வகுப்புக்குப் போய், தாமதமாக வந்ததற்குத் தேவராசாவிடம் கண்டனம் வாங்கி, அவருடைய காலுறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அவரை வாயடைக்க வைத்துவிட்டுக் கதிரையைப் பிடித்து நின்றாள்.

அவள் மாறிவிட்டாள் என்று யாரும் நினைக்கவேண்டாம். கால்கள்தான் மாறின. மதிலைப் பிடித்துக் கடைவரை, பிடிக்காமல் கடைவரை, பிறகு பின்னேர வெயில் சாயும்போது இறங்குதுறைவரை என்று நடந்தாள். எதிர்ப்பட்டவர்களை முன்போலவே அளந்தாள். படியிறங்கும்போது மட்டும் கம்பியைப் பிடித்தாள். பிடிப்பதைப் பார்த்தவர்களை முறைத்தாள். கணுக்கால் வீக்கம் குறைந்தது. நெஞ்சு தாறுமாறாகத்தான் அடித்தது, ஆனால் குளிசையோடும் நடையோடும் அதனுடன் இருக்கப் பழகினாள்.

கடந்த நத்தார்ப் பண்டிகைக்கு முன், மகளைப் பார்க்கச் சாவகச்சேரிக்குத் தனியாக பஸ் ஏறினாள். மகள் வேண்டாம் என்று எத்தனையோ தரம் போனில் சொன்னதால் போனாள். வீட்டு முற்றத்தில் மருமகன் அருட்செல்வன் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு வந்தவள், நிலத்தில் கிடந்த குழாயில் கால் தடக்கி விழுந்தாள்.

வீடு முழுக்க ஓடிவந்தது. மகள், மருமகன், மருமகனின் சகோதரிகள், வேலிக்கு அப்பாலிருந்து அயலவர்கள். ஒருவர் கையைப் பிடித்தார், ஒருவர் காலைப் பிடித்தார், ஒருவர் அசையாதேங்கோ என்று கத்தினார். லூர்த்தம்மா மண்ணில் கிடந்தபடியே எல்லோரையும் பார்த்தாள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்கோ. ஒருத்தரும் தொடக்கூடாது."

விட்டுவிட்டார்கள். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு காலையும் கையையும் அசைத்துப் பார்த்தாள். முறிவு எதுவும் இல்லை என்று தெரிந்தபின் பக்கமாகத் திரும்பினாள். கைகளை ஊன்றி முழங்காலில் வந்தாள். வாசற்படிவரை தவழ்ந்து போனாள். சீலைத்தலைப்பும் தலைமயிரும் மண்ணாக, மருமகனின் சகோதரிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஊர்ந்து போனாள். படியில் இரண்டு கையையும் வைத்து, பலமான காலை முதலில் ஊன்றி, எழுந்தாள். யாரோ ஒரு சகோதரி கைதட்டப் பார்த்தாள். லூர்த்தம்மாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

படியிலேயே இருந்துகொண்டாள். மகள் பக்கத்தில் வந்து குந்தினாள். லூர்த்தம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பயந்து போனன், பிள்ளை," என்றாள்.

தாயிடமிருந்து அப்படியொரு வார்த்தையை றொசாந்தி அதுவரை கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம், இரத்தக் குளிசை போடுகிறவர்கள் விழுந்தால் காட்டவேண்டும் அல்லவா என்றாள். லூர்த்தம்மா ஓம் என்றாள். மறுப்புச் சொல்லாமல் போய்க் காட்டினாள். தொடையில் கன்றிய இடத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்றார்கள்.

அன்றிரவு தங்கிவிட்டுக் காலையில் மகள் ஊற்றித் தந்த தேத்தண்ணிக்குச் சீனி கூட என்று சொல்லி வைத்துவிட்டாள். பகலில் இன்னும் இரண்டுநாள் நில்லுங்கோ என்று மகளும் மருமகனும் கேட்டார்கள். நாளைக்கு வகுப்பு இருக்கிறது, அதிபருக்கு ஒருவரும் வாய் காட்டாவிட்டால் அந்த மனிசன் வகுப்பையே பள்ளிக்கூடமாக்கிவிடும் என்றாள். பின்னேரம் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறும்போது இளைஞன் ஒருவன் இடம் தர எழுந்தான். லூர்த்தம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, கம்பியைப் பிடித்தபடி மெல்ல அந்த இருக்கையில் இருந்தாள்.